புத்தகத்துக் குதிரையும் சக்கரத்துக் குதிரையும்

"சார், வண்டி வாங்கும்போது 40 எச்.பி.ன்னு சொன்னாங்க. டைனமோமீட்டர் உருளையில ஏத்திப் பார்த்தா 34 தான் காட்டுது. என்ஜின் போச்சா சார்?"

நண்பர்களே! நாளைக்கு நாம் டிப்ளமோ முடித்து ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது இந்தக் கேள்வியோடு ஒருவர் கட்டாயம் வருவார். "ஆமா, ஹெட்டைக் கழட்டிடலாம்" என்று அவசரப்பட்டுச் சொன்னால் அவருக்குப் பணம் போகும். நமக்குப் பேர் போகும். காணாமல் போன அந்த 6 குதிரைகள் எங்கே போயின என்று பார்ப்போமா?

75 கிலோ எடையை ஒரு வினாடியில் 1 மீட்டர் உயரம் தூக்குவது ஒரு மெட்ரிக் குதிரைத்திறன், அதாவது 735.5 வாட். இதை மூன்று இடங்களில் கணக்கிடலாம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேல் கிடைப்பது ஐ.எச்.பி. என்ஜினின் உள் உராய்வு போக ஃப்ளைவீலில் மிஞ்சுவது பி.எச்.பி. விளம்பரத்தில் போடுவது இதைத்தான். கிளட்ச், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் எல்லாவற்றையும் தாண்டி டயருக்கு வந்து சேருவது மூன்றாவது. வண்டியை ஓட வைப்பது இந்த மூன்றாவதுதான்.

ஃப்ளைவீலில் அளப்பதிலேயே ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் முன்பு ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்றவை இல்லாமல் வெறும் என்ஜினை ஓட்டி அளந்தார்கள். 1972-இல் எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் முறைக்கு மாறினார்கள். காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் என்ஜினுக்கு 1971-இல் போட்ட 365 எச்.பி., 1972-இல் 235 ஆனது. என்ஜின் இளைக்கவில்லை, அளவுகோல்தான் மாறியது!

இனி நம் கணக்கு. ஒரு என்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் 6 கிலோ-மீட்டர் டார்க் தருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பி.எச்.பி. = 2πNT/4500 = 25.1

முதல் கியரில் மொத்த விகிதம் 14 என்றால், இழப்பே இல்லாதபோது சக்கரத்தில் டார்க் 84. வேகமோ 214 ஆர்.பி.எம். தான். பெருக்கிப் பாருங்கள், அதே 25.1! கியர் டார்க்கைப் பெருக்கும். திறனைப் பெருக்கவே பெருக்காது. 88 சதவீதம்தான் வந்து சேருகிறது என்றால் சக்கரத்தில் கிடைப்பது 22.1. மீதி 3 எச்.பி., சுமார் 2200 வாட், சூடாகப் போய்விடுகிறது. ஒரு பெரிய வாட்டர் ஹீட்டர் வண்டிக்கு அடியில் எரிகிற மாதிரி!

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? பற்சக்கரங்களின் உராய்வு, பேரிங், ஆயில் சீல், கியர் ஆயிலைக் கலக்கும் வேலை, உருளை மேல் டயர் நசுங்கி நிமிர்வது. 2014 வரை வந்த அம்பாஸடரில் கிரவுன்-பினியன் திறனை 90 டிகிரி திருப்ப வேண்டும். அதே ஆண்டு வரை வந்த மாருதி 800-இல் என்ஜின் குறுக்காக இருப்பதால் அந்தத் திருப்பம் இல்லை.

மேனுவல் கியர் கார்களுக்கு 10 முதல் 20 சதவீத இழப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அது நிலையான எண் அல்ல. பல்லின் உராய்வு சுமையோடு கூடும். ஆயில் கலக்கும் இழப்பு வேகத்தோடு கூடும். போட்ட கியர், டயர் காற்று எல்லாமே எண்ணை மாற்றும். ஆகவே நம் நண்பரின் 40-க்கு 34 என்பது 15 சதவீத இழப்பு. சாதாரணம்தான், என்ஜின் மேல் பழி இல்லை.

அப்படியும் வண்டி இழுக்கவில்லையா? என்ஜினில் கை வைக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. டயரில் காற்று சரியா?
2. ஜாக்கி போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பிரேக் பிடித்திருக்கலாம்.
3. என்ஜின் வேகம் ஏறியும் வண்டி வேகம் ஏறவில்லையா? கருகல் வாசனையா? கிளட்ச் வழுக்குகிறது.
4. கியர் ஆயில் சரியான கிரேடா, சரியான அளவா?

இத்தனையும் சரியாக இருந்தால் அப்புறம் கம்ப்ரஷன் பாருங்கள். ஹெட்டைக் கழற்றுவது கடைசி வேலை.

வைவாவில் "இந்த என்ஜின் எத்தனை எச்.பி.?" என்று கேட்டால், "எந்த இடத்துல அளந்தது சார்?" என்று பணிவாகத் திருப்பிக் கேளுங்கள். மார்க் போடுவாரோ மாட்டாரோ, நாம் மெக்கானிக் ஆகிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்!