அறிவுரை அல்ல, சிகிச்சை

1896-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆசிரியை தன் மாணவனை அழைத்து வந்தார். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் அவனுக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வரவில்லை. உளவியல் பேராசிரியர் லைட்னர் விட்மர் அவனைப் பரிசோதித்ததில், கண்ணிலும் கோளாறு இருப்பது தெரிந்தது. கண்ணாடி போட வைத்தார். கூடவே பயிற்சியும் கொடுத்தார். கிளினிக்கல் சைக்காலஜி இப்படித்தான் தொடங்கியது. திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. எங்கே சிக்கல் என்று முதலில் கண்டுபிடித்தார்கள்.

இன்றும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளை 'சும்மா பேசி அனுப்புறவங்க' என்று பலர் நினைப்பது வருத்தமாக இருக்கிறது. அவர்கள் செய்வது என்ன என்பதற்கு ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோய்க்கான சிகிச்சையைப் பாருங்கள்.

கதவுப்பிடியைத் தொட்டாலே கை கழுவ ஓடும் ஒருவர் வருகிறார். எதைத் தொட்டால் எவ்வளவு பதற்றம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போடச் சொல்கிறார் உளவியலாளர். கதவுப்பிடிக்கு நாற்பது, கழிப்பறைக் குழாய்க்கு நூறு. நாற்பதிலிருந்து தொடங்குகிறார்கள். உளவியலாளரே முதலில் பிடியைத் தொட்டுக் காட்டுவதும் உண்டு. தொட்ட பிறகு கழுவக் கூடாது, உட்கார்ந்திருக்க வேண்டும். பதற்றம் ஏறுகிறது, கழுவாமலே மெல்ல இறங்கவும் செய்கிறது. பல வாரங்கள் இதே பயிற்சி, படிப்படியாக. லண்டனில் விக்டர் மேயர் இந்த வழியை 1966-ல் எழுதினார், இன்றும் ஓ.சி.டி.க்கு முதன்மையான உளவியல் சிகிச்சை இதுதான்.

வீட்டாருக்கும் இதில் வேலை இருக்கிறது. "சுத்தமாத்தான் இருக்கு கண்ணு" என்று அம்மா நூறு முறை சொல்வது பாசம்தான். ஆனால், அது நோய்க்குத் தீனி. அதை எப்படி நிறுத்துவது என்று அம்மாவுக்கும் சொல்லித் தர வேண்டும்.

மனநல மருத்துவர் வேறு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். நுண்ணறிவு, நினைவாற்றல், கற்றல் குறைபாடு ஆகியவற்றுக்கான சோதனைகளும் உளவியல் சிகிச்சையும் அவர் பொறுப்பு. பலருக்கு இருவரும் தேவைப்படுவார்கள்.

பலகை மாட்டியவர்கள் எல்லாம் கிளினிக்கல் சைக்காலஜி படித்தவர்கள் அல்லர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகப் பணிபுரிய, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. யாரிடம் போவதென்று தெரியாதவர்கள் மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ அழைக்கலாம். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.