கீழ்ப்பழநி மலைக் காப்பி: இடத்தின் குணமும் கொட்டையின் குணமும்

விருதுநகர் எண்ணெய், பருப்பு, மிளகாய்வற்றல் ஆகியவற்றின் பெருஞ்சந்தை என்பதையும், சிவகாசி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்ற ஊர் என்பதையும் யாவரும் அறிவர். கரிசல் மண்ணும், வருஷத்தில் ஏறக்குறைய 30 அங்குலமே பெய்யும் மழையும், நீண்ட கோடையும் உடைய இப்பிரதேசம் காப்பிச் செடிக்கு உகந்ததன்று. எனினும் விருதுநகர்ச் சந்தையில் காப்பிக்கொட்டையும் சிக்கரியும் நெடுங்காலமாகக் கைமாறி வருகின்றன. இச்சரக்கு எத்தகைய இடத்தில் விளைகின்றது, அவ்விடம் அதன் ருசியை எவ்வாறு ஆக்குகின்றது என்பதை அறிதல் மலையில் தோட்டம் உடையவர்களுக்கும், கீழே சரக்கு வாங்குவோர்க்கும் ஒருங்கே பயன் தரும். நமக்கு அண்மையிலுள்ள கீழ்ப்பழநி மலையை இதற்கு உதாரணமாகக் கொள்வோம்.

மலையும் மழையும்

பழநி மலை, மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கி நீண்டதொரு கிளையாகும். அதன் கீழ்ப்பகுதி திண்டுக்கல் ஜில்லாவைச் சேர்ந்தது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, தடியன்குடிசை முதலிய ஊர்களைச் சூழ்ந்து காப்பித் தோட்டங்கள் உள்ளன. அடிவாரத்தில் வத்தலக்குண்டும் பட்டிவீரன்பட்டியும் இருக்கின்றன. காப்பி பயிராகும் இடங்களின் உயரம் சுமார் 2,000 அடி முதல் 6,500 அடி வரையில். மழை வருஷத்துக்கு 40 முதல் 64 அங்குலம் வரையில்.

தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மேகங்கள் மேற்குச் சரிவிலேயே தம் நீரைப் பெரும்பாலும் பொழிந்துவிடுகின்றன. மலைக்குக் கிழக்கே வருவது ஈரம் வற்றிய காற்று. சிவகாசியில் தாளும் குச்சியும் மருந்தும் எளிதில் உலர்வதற்கும், 1920களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கும் இவ்வறட்சி துணைநின்றது. கீழ்ப்பழநி மலையும் அதே மலைச்சுவரின் கிழக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆனி, ஆடி மாதங்களில் அங்கே பெருமழை இல்லை. அதற்குப் பெரும்பங்கு மழையைத் தருவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமே. குடகிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரையில் மழை ஓயாது பெய்யும். இவ்வொரு வேற்றுமையினின்றே நமது மலைக் காப்பியின் நன்மையும் தொல்லையும் பிறக்கின்றன.

பூவும் பழமும்

காப்பிச் செடியின் மொட்டுகள் தை, மாசி மாதங்களின் வறட்சியில் உறங்கிக் கிடக்கும். பின்னர் ஏறத்தாழ ஓர் அங்குல மழை பெய்யுமாயின், எட்டுப் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே வேளையில் வெண்மையாகப் பூக்கும். இதனைப் பூமழை என்பர். அதன்பின் சில வாரங்களுக்குள் மற்றொரு மழை வேண்டும்; அது தவறினால் பிஞ்சு நில்லாது. வறட்சி முறையாக அமையாவிடினும், மழை துளித்துளியாகச் சிதறினும் பூ பலமுறை பூத்துப் பழமும் பலமுறை பழுக்கும். ஆதலின் பங்குனி, சித்திரை மழையே அவ்வருஷத்து மகசூலை நிச்சயிக்கின்றது எனலாம்.

அராபிகா இனத்தின் காய் பழுப்பதற்கு எட்டு, ஒன்பது மாதங்கள் செல்லும். அவ்வினம் 15 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பத்தில் செழிக்கும். ரொபஸ்டா இனம் அதனினும் வெப்பமான தாழ்ந்த இடங்களைத் தாங்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். குளிர்ந்த இடத்தில் பழம் மெல்ல முதிர்வதால், கொட்டையில் சர்க்கரைச் சத்தும் புளிப்புச் சத்துகளும் சேர்வதற்கு அவகாசம் கிடைக்கின்றது. கொட்டை இறுகிக் கனக்கின்றது. வெப்பமான இடத்தில் விரைந்து பழுத்த கொட்டையோ இலேசாக இருக்கும். வறுத்தால் வாசனையும் குறையும். எஸ்.795 என்னும் ஒரே இரகம் சிக்கமகளூரிலும் தாண்டிக்குடியிலும் பயிராகின்றது. ஆயினும் இரண்டின் ருசியும் ஒன்றாவதில்லை. விதை ஒன்றாயினும் மலை வேறு என்பதே இதன் பொருள்.

நிழலே இரண்டாவது மலை

உயரத்தை நாம் உண்டாக்க முடியாது, நிழலை உண்டாக்கலாம். பலா, அத்தி, முள்முருங்கை முதலிய மரங்கள் வெயிலைத் தணித்து, காற்றைத் தடுத்து, உதிர்ந்த இலைகளால் மண்ணைப் போர்த்துகின்றன. கீழ்ப்பழநி மலையில் இந்நிழலில் ஒரு பங்கை விருப்பாட்சி மலைவாழையும் கமலா ஆரஞ்சும் தந்து வந்தன. முடிக்கொத்து நோய் பரவியதனால் வாழை பெரும்பகுதி அழிந்தது. அசுவினிப் பூச்சியால் பரவும் அந்நோய் கண்ட வாழையை வேரோடு அகற்றுவதன்றி வேறு பரிகாரம் இல்லை. வாழை போன இடங்கள் பலவற்றில் சில்வர் ஓக் மரம் மட்டுமே வரிசையாக நடப்பட்டது. அது விரைவில் வளரும். தடிக்கு விலை உண்டு. மிளகுக்கொடி ஏற்றவும் உதவும். எனினும் அதன் நிழல் மெல்லியது. ஒரேவகை மரம் நிற்கும் தோட்டம் பலவகை மரங்கள் நிற்கும் தோட்டத்துக்கு ஈடாகாது.

நிழல் குன்றிய தோட்டத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பெருகும். இவ்வண்டு வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு தண்டைக் குடைந்து செடியை மாய்க்கும். இதற்கு இலக்காவது நாம் மதிக்கும் அராபிகாவே. நோய் ஒன்று ஒரு தேசத்தின் பயிரையே மாற்றிவிடும் என்பதற்கு இலங்கை சாட்சி. 1869ஆம் வருஷம் அங்கே காணப்பட்ட இலைத்துரு நோயால், இருபது வருஷங்களுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலைக்கு இடம் தந்தன. ஆகவே நிழல் மரத்தை வெட்டி விற்கும் பணத்தை லாபமென்று எண்ணுவோர், பின்வரும் நஷ்டத்தையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மழையில் பழுக்கும் பழம்

குடகில் பழம் எடுக்குங்காலம் பெரும்பாலும் வறண்ட காலம். நமது மலையிலோ பழம் சிவக்குங்காலும் வடகிழக்கு மழை பொழியுங்காலும் ஒன்றே. மலை தந்த குணத்தை மனிதன் கெடுப்பது இவ்விடத்தில்தான். பச்சைக்காயும் முதிர்ந்து கறுத்த பழமும் கலந்து உருவிய சரக்கு, எத்தனை உயரத்தில் விளைந்ததாயினும் தாழ்ந்த சரக்கே. பறித்த பழத்தை மூட்டையில் இரவெல்லாம் வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். அன்றே தோலுரித்து, வழவழப்பு நீங்கும்வரை ஊறவைத்து, தெளிந்த நீரில் கழுவி, தரையில் படாமல் உலர்த்தவேண்டும். ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்களவில் குறையும்வரை உலர்த்தாத கொட்டை பூசணம் பூத்து வாசனை கெடும். மலையில் வெயில் கிட்டாத நாட்களில், அடிவாரத்துக் களங்களின் வறண்ட காற்று பேருதவியாகும். சிவகாசியில் பட்டாசை உலர்த்தும் வறட்சிக்கு உறவான அக்காற்றே மலையின் கொட்டைக்கும் கடைசிக் காவலாகின்றது.

சந்தையில் பெயர்

கழுவி உலர்த்திய அராபிகாவைப் பிளாண்டேஷன் என்றும், பழத்தோடு உலர்த்தியதைச் செர்ரி என்றும், பழத்தினுள் ஒற்றை விதையாக உருண்ட கொட்டையைப் பீபெரி என்றும் வியாபாரிகள் பிரிப்பர். ஆனால் மலையின் பெயர் மூட்டையோடு வருவது அரிது. பல இடத்துக் கொட்டைகள் கலந்தபின், சிக்கரியும் சேர்ந்த தூளில் எந்த மலை எந்த ருசியைத் தந்தது என்று யாரே கூறவல்லார்? சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையலாகாது என்பது சட்டம். அந்த 51 பங்கு எந்த மலையினது என்று சட்டம் கேட்பதில்லை.

2019ஆம் வருஷத்தில் குடகு, சிக்கமகளூர், பாபாபுதன்கிரி, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் அராபிகாவும் வயநாட்டு ரொபஸ்டாவும் புவிசார் குறியீடு பெற்றன. அந்த ஐந்தினுள் பழநி மலைக் காப்பி இல்லை. அம்மலையின் விருப்பாட்சி வாழையோ அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே குறியீடு பெற்றுவிட்டது. நிழல் தந்த வாழைக்குப் பெயர் உண்டு. அந்நிழலில் விளைந்த காப்பி பெயரின்றி விலைபோகின்றது. இது தோட்டக்காரர்கள் சிந்திக்கத்தக்கது.

செய்யத்தக்கவை

சில்வர் ஓக் மட்டும் நிற்குமிடத்தில் பலா, அத்தி முதலிய நாட்டு மரங்களை இடையிடையே நடுக. துளைப்பான் புகுந்த செடிகளை, வண்டு பறக்குங்காலத்துக்கு முன்னதாக, மார்ச்சு மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் அடையாளங்கண்டு பிடுங்கி எரித்துவிடுக. சிவந்த பழத்தை மட்டும் பலமுறையாகப் பறித்து, ஒவ்வொரு நாளைய சரக்கையும் தனியே வைத்திடுக. விளைந்த இடத்தையும் உயரத்தையும் மூட்டையின்மேல் எழுதி அனுப்புக. ஐயம் நேரின் தாண்டிக்குடியிலுள்ள காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தை அணுகுக. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் எழுதுங்கால் காப்பியோடு நிழல் மரங்களையும் ஊடுபயிரையும் செவ்வனே குறிப்பார்களாயின், பிற்காலத்தில் மலையின் பெயரை நிலைநாட்ட அக்கணக்கே ஆதாரமாகும்.

விருதுநகர் வியாபாரிகளும் தம் பங்கைச் செய்யலாம். தனித்து வந்த நல்ல சரக்கைத் தனித்தே விலைபேசி, அதற்குரிய மேல்விலையைத் தோட்டக்காரருக்குக் கொடுப்பாராயின், மறுவருஷம் அத்தகைய சரக்கு பெருகும். குளிரையும் மழையையும் மலை குறைவின்றித் தருகின்றது. நிழலைக் காப்பதும், பழத்தைத் தெரிந்து பறிப்பதும், பெயரைக் கலவாமல் விற்பதும் நம் கையிலுள்ளவை.