முற்றத்தில் ஒரு கம்பி

சிறு துரும்பும் பல்லுக் குத்த உதவும் என்பது நம் முன்னோர் மொழி. துரும்பினும் மெலிந்த ஒரு செப்புக்கம்பி, அளவறிந்து கட்டப்பெறுமாயின், நம் வீட்டு முற்றத்தையும் கடல் கடந்த தேசங்களையும் இணைக்க வல்லது என்பதை நம்மவருள் எத்தனைபேர் அறிவர்? பொழுதுபோக்கு வானொலி என்றும் ஹாம் வானொலி என்றும் வழங்கும் கலைக்கு வேண்டிய ஏரியலைச் சிறு செலவில் நம் வளவிலேயே கட்டிக்கொள்ளும் முறையைப் பற்றி இங்கே சில கூற விரும்புகின்றோம்.

இக்கம்பியின் அருமையை நாம் சிறுவராயிருந்த நாளிலேயே அறிய நேர்ந்தது. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. வானொலிப் பெட்டிக்குரிய பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அதற்காகச் செய்தி கேளாமல் இருத்தல் இயலுமோ? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோ தரும் சிறு மின்சாரத்தில் பீ.பீ.சீ. தமிழோசையைக் கேட்டவை நம் ஊர்கள். எமது வீட்டில் சுற்றும் பணி எமக்கு. கேட்கும் பணி அப்புவுக்கும் அயலாருக்கும்.

கை சோர்ந்தால் குரலும் தேயும். ஓரிரவு, குண்டு வீழ்ந்த ஊரின் பெயரைச் சொல்லும் வேளையில் எமது கை சோர்ந்தது. பெயரின் முதலெழுத்து மாத்திரமே காதில் விழுந்தது. அவ்வெழுத்தில் தொடங்கும் ஊரொன்றில் எம் மாமி குடியிருந்தார். அன்றிரவு வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. மாமி நலமாயிருக்கின்றார் என்ற செய்தி மூன்று நாள் கழித்தே, சைக்கிளில் வந்த ஒருவர் வாயிலாகக் கிடைத்தது. அப்பு எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. எங்கோ தேடிப்பெற்ற செப்புக்கம்பியொன்றை இரண்டு தென்னைகளுக்கிடையே கட்டி, அதன் முனையை வானொலிப் பெட்டியோடு தொடுத்தார். அதன்பின் இரைச்சல் அடங்கிற்று. சிறிய ஒலியிலும் சொற்கள் தெளிந்தன.

அக்கம்பி கேட்பதற்கு மாத்திரமே உதவிற்று. "நீங்கள் நலமா?" என்று நாம் வினவவோ, "நலமாயிருக்கின்றோம்" என்று மாமி மறுமொழி கூறவோ வழியிருக்கவில்லை. கேட்கவும் பேசவும் ஒருங்கே இடந்தருவதே பொழுதுபோக்கு வானொலி. உரிமம் பெற்ற ஒருவர் தம் வீட்டிலிருந்தே, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைப்பட்டைகளில், உலகெங்குமுள்ள பிற உரிமதாரருடன் உரையாடலாம். இலங்கையருடைய அழைப்புக்குறி '4 எஸ்' என்று தொடங்கும்.

எளிமையிற் பிறந்த கலை

இக்கலை செல்வர்க்கே உரியதென்று எண்ணுதல் வேண்டா. இந்நாட்டின் வானொலி வரலாறே கழித்த பொருள்களிற் பிறந்ததுதான். தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு செலுத்தியொன்றை அமைத்து, கொழும்புத் தந்தி நிலையத்துச் சிற்றறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பரீட்சித்தார். அதன் பயனாக 1925 ஆம் ஆண்டு டிசெம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி தோன்றிற்று.

வெறும் பொழுதுபோக்கென்று நகைப்பாரும் உளர். அவர்கள் 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் தேதியை நினைவுகூர்வார்களாக. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் தென்னிலங்கைக் கரைகளிலும் ஆழிப்பேரலை ஊர்களை வாரிக்கொண்டு சென்றது. தென்கோடியிலுள்ள அம்பாந்தோட்டையில் தொலைபேசி செயலற்றபோது, விக்ரர் குணதிலக்க முதலிய பொழுதுபோக்கு வானொலியாளர் குற்றலைக் கருவிகளைக் கொண்டு அந்நகரைக் கொழும்புடன் இணைத்தனர். அந்தமான் தீவிலே, பொழுதுபோக்கு வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேயர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி, தம் கருவியால் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கொண்டு சேர்த்தார். கோபுரங்கள் சாய்ந்தபோதும், கம்பியும் மோட்டார் வண்டிப் பற்றறியும் உடையவர் ஊமையராகவில்லை.

அளவே உயிர்

ஏரியலின் உயிர் அதன் அளவிலே தங்கியுள்ளது. சித்திரைப் புத்தாண்டில் நாம் ஆடும் ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். நீண்ட கயிற்றுக்கு ஒரு காலம், குறுகிய கயிற்றுக்கு ஒரு காலம். அக்காலமறிந்து தள்ளுவோர்க்கே ஊஞ்சல் உயர்ந்து செல்லும். கம்பியிலோடும் மின்னும் அத்தகையதே. அலைநீளத்தின் பாதியளவு நீளமுள்ள கம்பி அவ்வலைக்கு இசைந்து ஆடும்.

கணக்கு எளிது. 143 என்னும் எண்ணை மெகாஹேட்ஸில் உள்ள மீடிறனால் வகுத்தால், கம்பியின் முழுநீளம் மீற்றரில் கிடைக்கும். 7.1 மெகாஹேட்ஸுக்கு அது ஏறத்தாழ 20.1 மீற்றர். அதை நடுவில் வெட்டினால் ஒவ்வொரு கையும் 10 மீற்றருக்குச் சற்று மேற்படும். இவ்வாறே 14 மெகாஹேட்ஸ் பட்டைக்குக் கை ஒவ்வொன்றும் 5 மீற்றர் அளவும், 28 மெகாஹேட்ஸ் பட்டைக்கு இரண்டரை மீற்றர் அளவும் ஆகும்.

இனிச் சிக்கனத்தின் நுட்பத்தைக் காண்போம். மூன்று பட்டைகளுக்கு மூன்று ஏரியல்கள் தேவையில்லை. மூன்று சோடிக் கைகளையும் ஒரே நடுமையத்திற் பிணைத்து, ஓரச்சு வடம் ஒன்றினாலேயே கருவியோடு தொடுக்கலாம். எந்த மீடிறனில் பேசுகின்றோமோ அதற்கிசைந்த சோடியே மின்னை ஏற்கும். ஏனையவை பெருந்தடங்கல் காட்டி ஒதுங்கிநிற்கும். அன்றியும், 21 என்பது 7 இன் மும்மடங்காதலால், மிக நீண்ட சோடியே, சிறு இசைவிப்பான் ஒன்றின் துணையோடு, 21 மெகாஹேட்ஸ் பட்டைக்கும் பயன்படும். ஆகவே மூன்று சோடியில் நான்கு பட்டைகள்! கம்பியோ மொத்தம் சுமார் 36 மீற்றர். வீட்டுக்கு மின்னிணைப்புச் செய்தபின் எஞ்சிய செப்புக்கம்பியே போதுமானது.

வளவில் கட்டும் முறை

நடுமையத்தை எட்டு முதல் பத்து மீற்றர் உயரமான குழாய்க்கம்பத்தில் ஏற்றி, கைகளை இருபுறமும் கூரைபோலச் சரித்துக் கட்டுக. முனைகளுக்கு பீ.வீ.சீ. குழாய்த் துண்டுகள் நல்ல காவலிகள். அவற்றிலிருந்து நைலோன் கயிற்றால் வேலிப் பூவரசிலோ தென்னையிலோ பிணைக்கலாம். முருங்கையை நம்புதல் வேண்டா. அது காற்றுக்கு முறியும். மரம் ஆடும்போது கம்பி அறாதிருக்க, கயிற்றைக் கப்பியிலோட்டி நுனியிற் கல்லொன்றைத் தொங்கவிடுக. துலாவுக்குப் பாரம் கட்டிய நம் முன்னோர்க்கு இது புதிதன்று. கம்பிகள் ஒன்றையொன்று தொடாதவாறு அவற்றிடையே ஒரு சாண் இடைவெளி விடுக. முதலிற் சற்று நீளமாக வெட்டிப் பின்னர் குறைப்பதே அறிவுடைமை. குறைந்துபோன கம்பி வளராது. கடற்காற்று வீசும் ஊர்களில் செம்பு விரைவிற் பச்சை பூக்குமாதலின், மூட்டுகளை ஈயம் பற்றவைத்து, நீர் புகாமல் மூடுதல் நன்று.

பத்து மீற்றர் உயரம் போதுமோ என ஐயுறுவார்க்கு ஒரு சொல். தாழ்வான ஏரியல் 7 மெகாஹேட்ஸில் அலையைப் பெரிதும் வான்நோக்கியே எறியும். அயன்மண்டலம் அதனைத் திருப்பிக் குடைபோல் நாற்புறமும் பொழியும். காந்த மத்தியகோட்டுக்கு அணித்தாயுள்ள நம் நாட்டின்மேல் பகலில் அம்மண்டலம் செறிந்திருக்கும். எனவே பறவை செல்லும் வழியில் சுமார் 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புடன் பேசத் தாழ்வே தகுதி. தொலைதேசங்களுக்கோ மேற்பட்டைகள் ஏற்றவை. ஞாயிற்றின் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் 28 மெகாஹேட்ஸ் பட்டையில் சிறு வலுவும் நெடுந்தூரம் செல்லும்.

எச்சரிக்கையும் வேண்டும். மின்கம்பிகளுக்கு அருகிலோ, அவற்றின்மேல் விழக்கூடிய இடத்திலோ ஏரியலை ஒருபோதும் கட்டலாகாது. பேசும்போது முனைகளில் உயர் அழுத்தம் நிற்குமாதலால், அவை பிள்ளைகளின் கைக்கெட்டா உயரத்தில் இருத்தல் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிமுழக்கம் கேட்குமுன்னரே வடத்தைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுக. வெளியில் தனித்து நிற்கும் பனை மின்னலை வரவேற்கும் மரம்; அதில் ஏரியல் கட்டாதீர்கள்.

அனைத்துக்கும் முன்னதாக உரிமம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சையிற் சித்தியெய்தி உரிமம் பெறாமல் எவரும் செலுத்தியை இயக்கலாகாது. வாணிகச் செய்திகளுக்கும் இங்கு இடமில்லை. உரிமம் பெறும்வரை கம்பியைக் கட்டிக் கேட்டுப் பழகுக, அதுவே முதற்பாடம். பௌதிகவியல் பயிலும் நம் பிள்ளைகள், நூலிற் படித்த அலைநீளத்தை அளவுநாடாவால் முற்றத்தில் அளந்து பார்ப்பாராயின், அப்பாடம் ஆயுளுக்கும் மறவாது.

நாம் உரிமம் பெற்றபின் ஒரு காலைப்பொழுதில், முற்றத்துக் கம்பியின் வழியே கொழும்பிலிருந்து முதன்முதல் மறுமொழியொன்று வந்தது. "நலமா?" என்று அவர் வினவினார். "நலமாயிருக்கின்றோம்" என்றோம். அந்த ஒரு சொல்லுக்காக அன்று ஒரு வீடு மூன்று நாள் காத்திருந்தது. அதனை உடனே சொல்ல வல்ல கம்பி, நம் ஊர்தோறும் ஒரு முற்றத்திலாவது இருத்தல் வேண்டும்.