கரண்டியைக் கீழே வைக்கும் வித்தை: மேனேஜர் பயிற்சி எப்படி இயங்குகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோ ஓர் ஆலை. வருஷக்கணக்காக மெஷினோடு மல்லுக்கட்டிய நல்ல ஆபரேட்டரை மேனேஜர் ஆக்குகிறார்கள். லைன் நிற்கிறது. பழைய பழக்கத்தில் அவரே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிகிறார். சுற்றி நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆபரேட்டர் போய்விட்டார், மேனேஜர் இன்னும் வந்தபாடில்லை. பயிற்சிக்கு அனுப்புவது இதற்காகத்தான்.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அருமையாகச் சாம்பார் வைப்பவர், ஆயிரம் பேர் பந்திக்கு மாஸ்டர் ஆகிறார். எல்லா அண்டாவிலும் அவரே கரண்டி போட்டால் முதல் பந்திகூட எழாது.

அதனால் முதல் பாடம், கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. எந்த அடுப்பு சும்மா எரிகிறது, யார் எதற்குக் காத்து நிற்கிறார் என்று மாஸ்டர் பார்ப்பதுபோல, சரக்கு எந்த மெஷின் முன்னால் தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு 'ஏன்' கேட்பது. மோட்டார் எரிந்தது. ஏன்? பேரிங் இறுகியது. ஏன்? கிரீஸ் இல்லை. ஏன்? போட வேண்டியது யார் என்று யாருக்கும் சொல்லவில்லை. புது மோட்டார் வாங்கினாலும் அதுவும் எரியும்.

அடுத்தது கற்றுக்கொடுப்பது. மொத்தப் பயிற்சியிலும் உருப்படியான பகுதி இதுதான் என்பேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்காக உருவாகி, ஜப்பானில் வேர்விட்ட முறை, நாலே படி. ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பிறகும் போய்க் கவனி. புது ஆள் ஒரு பூசணியை நறுக்கிக் காட்டிய பிறகுதான் மாஸ்டர் மூட்டையை அவிழ்ப்பார். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில், அரைகுறை இந்தியில் கத்துவதைவிட இது பலிக்கும்.

இதெல்லாம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-லேயே, தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசை வாங்கியது. 2007-ல் பேராசிரியர் ஷோஜி ஷிபாவின் வழிகாட்டலில், இந்திய-ஜப்பான் கூட்டுமுயற்சியாக உற்பத்தித் துறை மேலாளர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடியும் அதில் சேர்ந்தது. ஷிபாவுக்கு 2012-ல் பத்மஸ்ரீ.

ஏசி ஹால், பஃபே சாப்பாடு, குரூப் போட்டோ, சான்றிதழ் என்று முடிகிற பயிற்சிகளும் உண்டு. நல்ல பயிற்சியில் வீட்டுப்பாடம் இருக்கும். சொந்த லைனில் ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டு வந்து கணக்குக் காட்ட வேண்டும். சம்பள உயர்வு பிறகு வரலாம், வராமலும் போகலாம். உடனடி லாபம், நைட் ஷிஃப்டிலிருந்து வரும் போன் குறைவது. குறைந்ததா என்று மேனேஜரைக் கேட்காதீர்கள். அவர் வீட்டில் கேளுங்கள்.