அந்த வெள்ளைப் பொடி தசைக்குள் என்ன செய்கிறது?

டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகக் கேள், தம்பி. ஜிம்மில் உன்னை வாங்கச் சொன்ன கிரியேட்டின் ஒன்றும் மர்மப் பொருள் இல்லை. நம் கல்லீரலும் சிறுநீரகமும் கணையமும் சேர்ந்து தினமும் ஏறக்குறைய ஒரு கிராம் அதைத் தயாரிக்கின்றன. மீனும் கறியும் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும். உடம்பில் இருப்பதில் பெரும்பகுதி தசையில்தான் தங்குகிறது.

தசை சுருங்க ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். கையிருப்பில் உள்ள ஏடிபி, முழு வேகத்தில் ஓடினால் சில விநாடிகளுக்குத்தான் காணும். ஆனாலும் நூறு மீட்டர் ஓடுகிறவர் பாதியில் நின்றுவிடுவதில்லையே! செலவான ஏடிபிக்கு உடனே பாஸ்பேட் தந்து அதைப் பழையபடி ஆக்குவது, கிரியேட்டினோடு பாஸ்பேட் சேர்ந்த பாஸ்ஃபோகிரியேட்டின். அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அதுவும் பத்து விநாடிக்குள் பெருமளவு தீர்ந்துவிடும். சில நிமிடம் ஓய்வெடுத்தால் மறுபடி சேர்ந்துவிடும்.

பாஸ்ஃபோகிரியேட்டினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதை நம் ஊர் ஜிம்களில் யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறை. எல்லாப்பிரகட சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்து, பிறகு பாஸ்டனுக்குப் போனவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1927இல் பாஸ்ஃபோகிரியேட்டினைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் அதே ஆண்டு அதைக் கண்டார்கள்.

வாயால் சாப்பிட்டால் கிரியேட்டின் தசைக்குப் போய்ச் சேருமா என்ற கேள்விக்கு 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் ரோஜர் ஹாரிஸும் எரிக் ஹல்ட்மனும் தொடையில் ஊசி செலுத்தித் துளித் தசையை எடுத்து அளந்தார்கள். ஐந்து ஐந்து கிராமாக நாளுக்கு நாலு அல்லது ஆறு தடவை கொடுத்தபோது தசையில் கிரியேட்டின் கூடியது. ஆரம்பத்தில் யாருக்குக் குறைவாக இருந்ததோ அவர்களுக்கே அதிகம் ஏறியது. சைவம் சாப்பிடுகிறவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். ஒரே காலால் மட்டும் பயிற்சி செய்யவைத்தார்கள். உழைத்த கால் கூடுதலாக உள்ளிழுத்தது! பொடியை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சோதனையிலேயே பதில் இருக்கிறது.

'லோடிங்' என்று வாரம் முழுக்க 20 கிராம் சாப்பிட வேண்டியதில்லை. 1996இல் ஹல்ட்மன் குழு, தினம் 3 கிராம் வீதம் 28 நாள் கொடுத்தாலும் கடைசியில் அதே அளவுக்கு ஏறுகிறது என்று காட்டியது. பொறுமை இருந்தால் டப்பா நீண்ட நாள் வரும்.

எடை தூக்குகிறவருக்கும், கபடியில் 30 விநாடி பாடிப் போய்த் திரும்பி, மறுபடி போகிறவருக்கும் இது உதவலாம். மாரத்தானுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. தசைக்குள் தண்ணீர் சேர்ந்து முதல் வாரத்தில் எடை ஒரு கிலோ வரைக்கும் ஏறலாம், நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு அது சுமை. கொழுப்பு ஏறிவிட்டது என்று பயந்து நிறுத்தாதே.

ரத்தப் பரிசோதனைக்குப் போனால் டாக்டரிடம் மறைக்காமல் சொல். கிரியேட்டின் சிதைந்து கிரியேட்டினின் ஆகிறது. சிறுநீரகம் பழுதா என்று பார்க்க அளப்பதும் அதைத்தான். பொடி சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தும் எண் சற்று உயர்ந்து நிற்கலாம். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

என்னை உறுத்துவது கிரியேட்டின் அல்ல, கூடவே விற்கும் மற்ற டப்பாக்கள்தான். 2000, 2001இல் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களை ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் சோதித்தது. 94இல், லேபிளில் சொல்லாத ஹார்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன. போட்டிகளில் ஆடுகிற பிள்ளை ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், பொறுப்பு அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும். ஆகவே ஒவ்வொரு பேட்சையும் வெளியாட்கள் சோதித்ததற்கான சான்று டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து, கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று மட்டும் எழுதியிருப்பதை வாங்கு.