வேரில் விளையும் பொன்மணி

நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிடும் அன்பர் ஒருவர், உரத்திலும் நீரிலும் யாதொரு குறையும் வைக்காதிருந்தும் தம் தோட்டத்துச் செடிகள் திட்டுத் திட்டாகக் குன்றி வெளிறி நண்பகலில் வாடுவதாகவும், பிடுங்கிப் பார்த்தால் வேரில் கடுகினும் சிறிய மஞ்சள் மணிகள் ஒட்டியிருப்பதாகவும் எழுதி, அவை யாவை என்று கேட்டிருக்கிறார். தங்க நூற்புழு என்று வழங்கும் ஜீவராசியின் பெண்களே அந்த மணிகள்.

ஆண்டிஸ் மலைகளில் உருளைக்கிழங்கோடு கூடவே வாழ்ந்து, பின்பு கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் பிற தேசங்களுக்கும் பரவிய இப்புழுவை, 1961-இல் உதகமண்டலத்தை அடுத்த விஜயநகரத்தில் ஜோன்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி முதன்முதலாக நம் நாட்டில் கண்டறிந்தார். அரை மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத இதன் குஞ்சு, ஊசி போன்ற வாயால் வேரின் நுனியருகே துளைத்து நுழைந்து, தன் உமிழ்நீரைச் செலுத்தி, அண்டையிலுள்ள உயிரணுக்களின் சுவர்கள் கரைந்து அவையெல்லாம் ஒரே உணவறையாகும்படி செய்து, அங்கேயே உண்டு வளர்கிறது. உணவு நிறையக் கிடைத்தால் அது பெண்ணாகிறது, கிடைக்காவிட்டால் ஆணாகிறது. ஆண் நூலாக மெலிந்து வேரைவிட்டு வெளியேற, பெண்ணோ தலையை வேருக்குள் புதைத்தபடியே உடல் பருத்து, வேரின் தோலைப் பிளந்துகொண்டு வெண்மணியாகத் தோன்றி, நாளடைவில் பொன்னிறம் கொள்கிறது.

இதற்குப் பிறகு நடப்பதே என்னைப் பெரிதும் வியக்க வைத்த விஷயம். இந்தத் தாய் தன் முட்டைகளை வெளியே இடுவதில்லை; நூற்றுக்கணக்கான முட்டைகளை வயிற்றிலேயே தாங்கியபடி மடிந்துபோக, அதன் சரீரத்தின் தோல் பழுப்பேறிக் கெட்டிப்பட்டு, சந்ததியைக் காக்கும் பேழையாகிவிடுகிறது. எங்கள் ஊரில் விதைநெல்லை வைக்கோல் பிரியால் உருண்டையாகச் சுற்றி மண்ணும் சாணமும் பூசி அடுத்த பருவம் வரை காப்பாற்றிய விதைக்கோட்டையை இந்தக் கூடு எனக்கு நினைவூட்டுகிறது. ஆனால் அந்தக் கோட்டை ஒரு பருவத்துக்கே காவல், இந்தக் கூடோ இருபது ஆண்டுகளுக்கு மேலும் தன் முட்டைகளில் சிலவற்றை உயிரோடு வைத்திருக்க வல்லது. முட்டைக்குள் சுருண்டிருக்கும் குஞ்சு மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் கிடந்து, அருகில் உருளைக்கிழங்கின் வேர் பரவி அதிலிருந்து கசியும் ரசாயனப் பொருள் மண் ஈரத்தின் வழியே தன்னை எட்டிய பின்பே பெரும்பாலும் ஓட்டைக் கிழித்துக்கொண்டு புறப்படுகிறது. தக்காளியும் கத்தரியும் உருளையின் உறவினராதலால் அவற்றின் வேருக்கும் அது எழும். முட்டைக்கோசுக்கும் கேரட்டுக்கும் பூண்டுக்கும் எழுவதில்லை.

இத்தகைய பொறுமையுள்ள பகைக்கு நாமே உபசாரம் செய்கிறோம் என்பதுதான் என் வருத்தம். கிழங்கு விலை ஏறியது என்று ஒரே நிலத்தில் போகந்தோறும் உருளையையே நடுவதும், புழு பிடித்த தோட்டத்துக் கிழங்கை மலிவாகக் கிடைக்கிறதென்று விதைக்கு வாங்குவதும், மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் அடுத்த தோட்டத்தில் கால் வைப்பதும், இவற்றையெல்லாம் செய்துவிட்டுக் கடும் விஷ மருந்தை மண்ணில் கொட்டுவதும் விவேகமாகா. மாற்றுப் பயிர் நின்ற ஆண்டுகளில் முட்டைகளில் ஒரு பகுதி தாமே பொரிந்து, உண்ண வேரின்றி மடிகின்றன. உதகை முத்தோரையிலுள்ள ஆராய்ச்சி நிலையம் தந்த குப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புச் சக்தியுள்ள ரகங்களை நட்டாலோ, வேரின் அழைப்பைக் கேட்டுக் குஞ்சுகள் எழுந்து வந்தும், உணவறை சரிவர அமையாமல் பெண்ணாக முதிரும் வழியின்றி வீணாகின்றன.

ஆனால் மாற்றுப் பயிர், எதிர்ப்பு ரகம், சுத்தமான விதை ஆகிய மூன்றையும் ஒருவர் கைக்கொண்டு அண்டை நிலத்தார் கைவிட்டால், மழைநீரோடும் மூட்டையோடும் கூடுகள் மறுபடி வந்து சேரும். நோய் நிலத்துக்கு நிலம் தாவுவதாகையால், பரிகாரத்தையும் ஊரார் ஒருமித்தே செய்யவேண்டும். விளைச்சலில் பங்கு கேட்காத மண்ணுக்கு நாம் செலுத்தவேண்டிய குறைந்தபட்சக் கடமை அது.