நண்பனோடு நடத்தல்

நோயுற்ற நண்பனுக்காக நாம் நடந்தால் அவன் நோய் தீருமா என்று வினவுவீர்கள். தீராது, ஆயினும் அதனால் விளையும் பயன் இரண்டு.

கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலக்காலை இழந்தார். 1980 ஏப்ரல் 12இல் செயற்கைக் கால் பூண்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஓடத் தொடங்கினார். நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர். நாகர்கோவிலினின்று குமரிமுனை சென்று மீளும் தொலைவு அது. நோய் நுரையீரலுக்குப் பரவவே, 143ஆம் நாள் ஓட்டம் நின்றது. 1981 ஜூனில் அவர் மறைந்தார். அதற்கு முன்பே, தலைக்கு ஒரு டாலர் என அவர் வேண்டியவாறு 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. இது முதற்பயன். இன்று அவர் பெயரால் பல நாடுகளில் நிகழும் ஓட்டத்தில் நடந்தும் கலந்துகொள்ளலாம். வென்றவர், தோற்றவர் என்பது அதில் இல்லை.

மற்றொரு பயன் துணைமை. நண்பர் டக் ஆல்வர்டு வண்டி செலுத்தி உடன் சென்றார்; உணவும் சமைத்தார். இடையே இருவரும் பிணங்கிப் பேசாதிருந்ததும் உண்டு. எனினும் அவர் விட்டகலவில்லை.

என்ன பேசுவதென்று அறியாமலே பலர் நோயாளியை விட்டு விலகுகின்றனர். உடன் நடப்பவனுக்குப் பேச்சு வேண்டுவதில்லை. நண்பனின் நடைக்கேற்பத் தன் நடையைத் தளர்த்தினால் போதும். அவன் நடக்க இயலாது நெய்யூர் மருத்துவமனையில் படுத்திருப்பின், திரட்டிய பொருளைக் கொடுத்தனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுசென்று அவன் அருகில் சற்று அமருங்கள்.